முன்தோல் அரிப்பும் வெள்ளைப் படிவும்: களிம்புக்கு முன் சர்க்கரையைப் பாருங்கள்

மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அது நீங்களாகவும் இருந்திருக்கலாம். எங்கே அரிப்பு என்று அவர் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. ஒரு ட்யூப் கைமாறுகிறது, அவ்வளவுதான். அந்த ட்யூபை வாங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டியது இந்த அத்தியாயம்.

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இந்தத் தொல்லைக்குப் பழைய பெயர்கள் உண்டு. "சூடு பிடிச்சிருக்கு" என்பார்கள். கொஞ்சம் முற்றினால் "மேகம்", "வெட்டை" என்பார்கள். இன்னும் முற்றினால் "பொம்பளச் சீக்கு" என்று முத்திரை குத்திவிடுவார்கள். பெரும்பாலும் இவை எதுவுமே இல்லை. அது ஈஸ்ட் என்னும் பூஞ்சை இனத் தொற்று. உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தால் இறங்கிப்போகிற சூடு அல்ல. ஊரை விட்டு ஒளிய வேண்டிய சீக்கும் அல்ல.

2000களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவர்களில் வந்தபோது, ஆணுறை என்ற சொல்லை ஊர் வாய்விட்டுச் சொல்லப் பழகியது. முன்தோல் என்ற சொல்லுக்கு இன்னும் அந்த விடுதலை கிடைக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் அதைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துவோம்.

தெரிந்திருக்க வேண்டிய அளவு மட்டும்

கேண்டிடா என்ற ஈஸ்ட் நம் தோலிலும் வாயிலும் குடலிலும் எப்போதும் கொஞ்சம் இருக்கும். ஈரம், வெதுவெதுப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் அது பெருகும். சித்திரை வெயிலில் இட்லி மாவு சீக்கிரமே பொங்கி வழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்தோலுக்கு அடியில் ஈரமும் வெதுவெதுப்பும் எந்நேரமும் உண்டு. சிறுநீரில் சர்க்கரை வந்துவிட்டால் மூன்றாவதும் சேர்ந்துவிடும். முன்தோல் நீக்கியவர்களுக்கு இது குறைவாக வருவதற்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகமாக வருவதற்கும் காரணம் இதுதான்.

கரிமூட்டம் போடுகிறவர், தறியில் உட்காருகிறவர், தூத்துக்குடி ரோட்டில் விடிய விடிய லாரி ஓட்டுகிறவர் என்று வேர்வையில் நனைந்த உள்ளாடையோடு பத்து மணி நேரம் இருக்கிற எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் வேர்வை துணைக் காரணம்தான். தலைமைக் காரணத்தை இரண்டாவது படியில் பார்ப்போம்.

படி 1: வெளிச்சத்தில் பாருங்கள்

கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், முன்தோலை மெதுவாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். வரவில்லை என்றால் பலவந்தப்படுத்த வேண்டாம்.

ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள்:

1. ஆண்குறியின் மொட்டிலும் முன்தோலின் உட்புறத்திலும் அரிப்பு, எரிச்சல், பளபளப்பான சிவப்பு.
2. ஊசி குத்தியதுபோல் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள்.
3. தயிர்த் திப்பி போன்ற வெள்ளைப் படிவு.
4. முன்தோல் ஓரத்தில் நுண்ணிய வெடிப்புகள். சிறுநீர் பட்டால் அதில் எரிச்சல்.
5. முன்தோல் வழக்கத்தைவிட இறுகிப்போதல்.

கீழே உள்ளவை ஈஸ்ட் அல்ல. இவை இருந்தால் களிம்பு வாங்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள்:

1. சிறுநீர்த் துவாரத்திலிருந்து சீழ் வடிதல்: மேகவெட்டை எனப்படும் கொனோரியா போன்ற பால்வினை நோயாக இருக்கலாம்.
2. வலியே இல்லாத ஒற்றைப் புண்: சிஃபிலிஸ் இப்படித்தான் தொடங்கும்.
3. கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம்: ஹெர்பிஸ்.
4. இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, கட்டி: புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

*குறிப்பு:* தொடை இடுக்கில் வட்டமாக, ஓரம் தடித்துப் பரவுவது படர்தாமரை. அது வேறு வகைப் பூஞ்சை. பெரும்பாலும் தொடையிலும் அரையிலும் படரும்; ஆண்குறியையும் விதைப்பையையும் விட்டுவைக்கும். ஈஸ்ட் மடிப்புகளிலும் முன்தோலுக்கு அடியிலும் குடியேறும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

படி 2: சர்க்கரையைப் பாருங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நடுவயதில் ஒரு ஆணுக்கு முதல்முறையாக முன்தோலில் வெடிப்பும் வெள்ளைப் படிவும் வந்தால், அது பல நேரம் சர்க்கரை நோய் போட்ட முதல் கடிதமாக இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று கணக்குச் சொன்னது. தனக்கு இருப்பது தெரியாமலே நடமாடுகிறவர்களும் அதில் அடக்கம்.

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் கசியத் தொடங்கும். சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அந்த எறும்பைப் போலத்தான் ஈஸ்ட்டும்.

செய்ய வேண்டியது:

1. காலையில் வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை பாருங்கள். 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்க்கான அளவு. இன்னொரு நாள் பார்த்து உறுதிசெய்வார்கள்.
2. எந்த நேரத்தில் பார்த்தாலும் 200க்கு மேல், கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.
3. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அதே பொருள்தான்.

*குறிப்பு:* 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வருகிற தன்னார்வலர் பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பெண்ணாகத்தான் இருப்பார். அவரிடம் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "சுகர் மட்டும் பாத்துருங்கக்கா" என்றால் போதும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று "ஃப்ளோசின்" என முடியும் பெயர் இருக்கிறதா? இந்த வகை மருந்து சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளித்தான் வேலை செய்கிறது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று இதன் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. டபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்ததும் விலை இறங்கியது. இன்று பல சீட்டுகளில் இது இருக்கிறது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து என்பதால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அட்டையோடு போய்த் தொந்தரவைச் சொல்லுங்கள். தொடர்வதா மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

படி 3: ஒரு செம்புத் தண்ணீர் போதும்

தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற ஊரில் "தினமும் நன்றாகக் குளியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இந்தத் தொற்றுக்கு வேண்டியது ஒரு செம்பு சுத்தமான தண்ணீர்தான்.

1. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. முன்தோலைப் பின்னால் தள்ளி, வெறும் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. போர் தண்ணீர் உப்பாக எரிந்தால் குடிக்கிற தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.
3. சோப்பு வேண்டாம். அரிக்கிற தோலைச் சோப்பு இன்னும் புண்ணாக்கும்.
4. மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.
5. ஒன்றிரண்டு நிமிடம் காற்றில் உலரவிடுங்கள்.
6. முன்தோலை மறுபடி முன்னால் இழுத்துவிடுங்கள். இதை மறந்தால் வரும் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் கழுவினால் போதும்; களிம்பு போடும் நாட்களில் மட்டும் காலையும் இரவும். நாலைந்து முறை கழுவுவதும் தவறு. தோல் வறண்டு வெடிக்கும். வேலைக்குப் போகும்போது மாற்று உள்ளாடை ஒன்று பையில் இருக்கட்டும். பருத்தியாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் நேரம் வேட்டியோ கைலியோ போதும், உள்ளாடை வேண்டாம். துவைத்ததை நிழலில் போடாமல் வெயிலில் முறுகக் காயவையுங்கள். நம் ஊரில் தாராளமாகக் கிடைப்பது வெயில்தானே.

படி 4: சரியான களிம்பு, சரியான அளவு, சரியான நாட்கள்

சாதாரணத் தொற்றுக்குப் பரவலாகப் பயன்படுவது க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு. முதல்முறை வருகிறவர்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, அதுதான் என்று உறுதிசெய்துகொண்டு தொடங்குவது நல்லது.

1. படி 3இல் சொன்னபடி கழுவி உலர்த்துங்கள்.
2. மொச்சைப் பயறு அளவு களிம்பை எடுத்து, மொட்டிலும் முன்தோலின் உட்புறத்திலும் மெல்லியதாகப் பரப்புங்கள். அப்பி வைத்தால் ஈரம்தான் கூடும்.
3. காலை ஒருமுறை, இரவு ஒருமுறை.
4. மூன்று நான்கு நாளில் அரிப்பு குறையும். அப்போது நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை, பொதுவாக 7 முதல் 14 நாள் வரை போடுங்கள்.
5. ஏழு நாளாகியும் மாற்றம் இல்லை என்றால் ட்யூபை மாற்றாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

*எச்சரிக்கை – பெயர்க் குழப்பம்:* க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. க்ளோபெட்டசால் கடுமையான ஸ்டீராய்டு. கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். வெற்று அட்டையையோ மருந்துச் சீட்டையோ காட்டி வாங்குங்கள்.

*எச்சரிக்கை – கலவை ட்யூப்:* ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். அதனால் "நல்ல மருந்து" என்று பெயர். ஸ்டீராய்டு அரிப்பை அடக்குமே தவிர பூஞ்சையைக் கொல்லாது. தோலை மெலிதாக்கும், நிறுத்தியதும் தொற்று இரட்டிப்பாகத் திரும்பும். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்கு இந்தத் தவறான பயன்பாடுதான் காரணம். மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயரிலேயே "இந்தோ" என்று நம் நாடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோல் மருத்துவர் பார்த்து, சில நாளுக்கு மட்டும் மென்மையான ஸ்டீராய்டு எழுதினால் அது வேறு கதை.

*எச்சரிக்கை – மாத்திரை:* தொற்று கடுமையாக இருந்தால் ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு மாத்திரை எழுதுவார்கள். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் உண்டு. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 5: மனைவிக்குத் தொற்றுமா?

இந்தக் கேள்விதான் பலரைத் தூங்கவிடாமல் செய்வது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது பால்வினை நோயா? இல்லை. உடலுறவே கொள்ளாதவருக்கும் வரும். ஆகவே இதை வைத்து மனைவியைச் சந்தேகிப்பதும், மனைவி உங்களைச் சந்தேகிப்பதும் இரண்டுமே அநியாயம்.

உடலுறவில் பரவாதா? பரவலாம், எப்போதும் பரவாது. ஈஸ்ட் தொற்றுள்ள பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொள்ளும் ஆண்களில் 100க்குச் சுமார் 15 பேருக்கு அரிப்பும் தடிப்பும் வரும் என்கிறது அமெரிக்க அரசின் பெண்கள் நல அலுவலகம். ஆணிடமிருந்து பெண்ணுக்கும் போகலாம். ஆனால் பெண்களுக்கு வரும் தொற்றில் பெரும்பகுதி, அவர்கள் உடம்பிலேயே இருக்கும் ஈஸ்ட் பெருகுவதால் வருவது. ஆயுளில் ஒருமுறையாவது இது வராத பெண்கள்தான் குறைவு.

மனைவிக்கும் மருந்து வேண்டுமா? அவருக்கு அரிப்பு, எரிச்சல், தயிர்போல வெள்ளைப்படுதல் இருந்தால் வேண்டும். எதுவும் இல்லை என்றால் வேண்டாம். உங்கள் ட்யூபையே அவருக்கும் கொடுக்காதீர்கள். அவருக்கு வேறு வகை மருந்து தேவைப்படும்.

மனைவி கர்ப்பமாக இருந்தால்? கர்ப்ப காலத்தில் ஈஸ்ட் தொற்று எளிதில் வரும். ஃப்ளுகோனசோல் மாத்திரை அப்போது கூடாது. செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள்.

எத்தனை நாள் விலகி இருப்பது? சிவப்பும் வெடிப்பும் ஆறி, மருந்து நாட்கள் முடியும்வரை. தொற்று பரவுவதைத் தவிர்ப்பதற்கு மட்டுமல்ல. வெடித்த தோல் உராய்ந்தால் ஆறாது.

ஆணுறை போட்டால் போதாதா? களிம்பிலுள்ள எண்ணெய்ப் பசை ரப்பரைத் தளரச் செய்யும், ஆணுறை கிழியலாம். மருந்து போடும் நாட்களில் அதை நம்ப வேண்டாம்.

துண்டு, கழிப்பறை, குழந்தையைத் தூக்குவது? ஈஸ்ட் பரவும் வழக்கமான வழிகள் இவை அல்ல. ஆனால் படர்தாமரை துண்டில் பரவும் என்பதால் துண்டைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. களிம்பு போட்டபின் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள்.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு மாதிரி: "இந்தா, எனக்கு அங்க அரிப்பு இருக்கு, டாக்டர் மருந்து குடுத்திருக்காரு. ரெண்டு வாரம் தள்ளி இருந்துக்குவோம். ஒனக்கும் அரிப்பு, வெள்ளப்படுறது இருந்தா மறைக்காம சொல்லு, சேந்தே போய்க் காட்டிருவோம்." இவ்வளவுதான்.

பலரும் செய்யும் தவறுகள்

1. டெட்டால், எலுமிச்சைச் சாறு, பற்பசை தடவுவது. எரிந்தால் கிருமி சாகிறது என்று பொருளல்ல. தோல் வேகிறது என்று பொருள்.
2. பவுடர் கொட்டுவது. ஈரத்தோடு சேர்ந்து முன்தோலுக்கு அடியில் பிசினாகும்.
3. தோழன் போட்டு மிச்சம் வைத்த ட்யூபை வாங்கிப் போடுவது.
4. அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்துவது.
5. ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவது. அது பாக்டீரியாவுக்கானது; நல்ல பாக்டீரியா குறைந்தால் ஈஸ்ட் இன்னும் பெருகும்.
6. சர்க்கரை பார்க்காமல் மூன்றாவது ட்யூப் வாங்குவது. தவறுகளில் பெரியது இதுதான்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள், 108ஐ அழையுங்கள்.

- பின்னால் தள்ளிய முன்தோல் திரும்பி வராமல் இறுகி, மொட்டு வீங்குவது. சில மணி நேரத்தில் ரத்த ஓட்டம் தடைபடலாம்.
- சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது.
- விதைப்பையிலோ ஆசனவாய் அருகிலோ கடும் வலி, வீக்கம், காய்ச்சல், தோல் கறுப்பது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கே போவது, என்ன சொல்வது

காரியாபட்டி அரசு மருத்துவமனையில் சர்க்கரை பார்த்துக்கொண்டு பொது மருத்துவரிடம் காட்டலாம். தோல் மருத்துவர் தேவைப்பட்டால் 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பக்கம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இன்னொரு பக்கம். தெரிந்த முகத்தைப் பார்த்துவிடுவோமோ என்று தயங்குகிறவர்கள் மதுரை பஸ் ஏறலாம். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகள் "சுகவாழ்வு மையம்" என்ற பெயரிலும், ஹெச்ஐவி பரிசோதனை இடங்கள் "நம்பிக்கை மையம்" என்ற பெயரிலும் இயங்குகின்றன. புதிய உறவு ஏதும் இருந்திருந்தால் இரண்டிலும் காட்டிவிடுங்கள். போனில் கேட்க 104. பால்வினை நோய், ஹெச்ஐவி சந்தேகங்களுக்கு 1097.

வரிசையில் நின்று உரக்கச் சொல்லக் கூச்சமா? துண்டுச் சீட்டில் நான்கே வரி எழுதி நீட்டுங்கள்:

1. முன்தோலில் அரிப்பு, வெள்ளைப் படிவு, இத்தனை நாளாக.
2. இதற்கு முன் இத்தனை முறை வந்திருக்கிறது.
3. போட்ட களிம்பு, சாப்பிடும் மாத்திரைகள்.
4. மனைவிக்கு அறிகுறி உண்டு அல்லது இல்லை.

திரும்பத் திரும்ப வந்தால்

மறுபடி மறுபடி வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்: சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? "ஃப்ளோசின்" மாத்திரை காரணமா? களிம்பை முழு நாட்கள் போட்டீர்களா? மனைவிக்குச் சிகிச்சை பெறாத தொற்று இருக்கிறதா? ஹெச்ஐவி பரிசோதனை செய்தீர்களா? எல்லாம் சரியாக இருந்தும் வந்தால், அல்லது முன்தோல் இறுகித் தள்ள முடியாமல் போனால், முன்தோல் நீக்கம் பற்றி அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். சிறிய அறுவைதான்.

மருந்துக்கடை ஓரத்தில் குரலைத் தாழ்த்தி நின்ற அந்த ஆளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. அண்ணே, அரிப்பு போனபின் இந்தப் பக்கங்களை மறந்துவிடுங்கள், பாதகமில்லை. சர்க்கரை எவ்வளவு என்று பார்த்த அந்தச் சீட்டை மட்டும் ரேஷன் கார்டு பக்கத்தில் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.